பொலித்தீன் பைக்குள் இருப்பதைத் தொலைவில் காப்பது எப்படி?

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் நடத்தும் போராட்டங்களுக்குப் போனவர்களுக்கு அந்தப் பையைத் தெரியும். பொலித்தீன் உறைக்குள் ஒரு படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், ஒவ்வோர் ஆணைக்குழுவும் தந்த துண்டு. சிலரிடம் காணி உறுதியும் அதற்குள்ளேயே இருக்கும். இடப்பெயர்வுகளில் நகைகளை இழந்தவர்கள்கூட இந்தப் பையை விடவில்லை.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இவற்றைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருக்கிறார்கள். ஆவணப்படுத்தும் சிறு அமைப்புகளிடம் வாக்குமூலக் காணொளிகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு மடிக்கணினியிலும், அதே மேசை இலாச்சியில் கிடக்கும் ஒரு வன்தட்டிலும் இருக்கும். மேசையோடு இரண்டும் போகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களிலும் சுவடிகளிலும் சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. எரிந்த எல்லாவற்றையும் விட மீட்க முடியாத இழப்பு அதுதான்.

ஆகவே ஒரு பிரதி வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்க வேண்டும். தொலைசேவையகம் என்பது எப்போதும் இணையத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் வேறொருவரின் கணினிதான். அங்கே அனுப்புவதில் இரண்டு தடைகள்: நமது இணைய வேகம் குறைவு, அங்கே யார் திறந்து பார்ப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

முதலில் வேகம். 20 ஜிபி காணொளிகளை விநாடிக்கு 2 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 22 மணித்தியாலங்கள் வேண்டும். இடையில் மின்சாரம் போனால் பலர் அன்றே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த முழுச்சுமை ஒருமுறைதான். 1996இல் அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிஜெலும் போல் மக்கெராஸும் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ என்ற இலவச மென்பொருள் இரு பக்கக் கோப்புகளின் அளவையும் திகதியையும் ஒப்பிட்டு, மாறாதவற்றைத் தொடாமல் விட்டுவிடும். மாறிய கோப்பையும் துண்டுகளாகப் பிரித்து, வேறுபட்ட துண்டுகளை மட்டுமே அனுப்பும். அன்று சேர்ந்தது 50 எம்பி என்றால் அதே இணைப்பில் நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

பாதுகாப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மறைகுறியாக்கத்தோடு அனுப்புகிறோம்’ என்று ஒரு சேவை சொன்னால், அது வழியில் மட்டுமா, போய்ச் சேர்ந்த பிறகுமா என்று கேட்க வேண்டும். ஆர்சிங்க் வழமையாகப் பாதுகாப்பான இணைப்பினூடாகவே அனுப்பும். ஆனால் மறுமுனையில் கோப்புகள் திறந்தபடியே கிடக்கும். சாட்சி சொன்னவரின் முகமும் முகவரியும் உள்ள கோப்புக்கு இது போதாது. அதை நம் கணினியிலேயே பூட்டி, பூட்டிய நிலையில்தான் அனுப்ப வேண்டும். சேவையகத்தை ஒருவர் கைப்பற்றினாலும் அவருக்குக் கிடைப்பது அர்த்தமற்ற எழுத்துக்குவியல்தான்.

அமைப்புகளுக்கு நான் ‘ரெஸ்டிக்’கைச் சொல்வேன். இதுவும் இலவசம். பூட்டிய பிறகே அனுப்பும், புதிய துண்டுகளை மட்டும் அனுப்பும், ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியே வைத்திருக்கும். கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டும் என்பதால் கணினி தெரிந்த ஒருவர் ஒருமுறை அமைத்துத் தர வேண்டியிருக்கும். குடும்பங்களுக்கு ‘கிரிப்டோமேற்றர்’ இலகு. கணினியில் இலவசமாக நிறுவி, கூகுள் ட்ரைவ் கோப்புறைக்குள் ஒரு பெட்டகம் உருவாக்கினால், உள்ளே போடுவதெல்லாம் பெயர் உட்படப் பூட்டப்பட்டே மேலே போகும். ஒவ்வொரு கோப்பையும் அது தனித்தனியே பூட்டுவதால், ஒன்றைச் சேர்க்கும்போது முழுவதையும் மீண்டும் ஏற்றத் தேவையில்லை. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஒரு குடும்பத்தின் ஆவணங்களுக்குத் தாராளம்.

‘வட்ஸ்அப்பில் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்’ என்பது காப்புப்பிரதி ஆகாது. அங்கே படம் சுருங்கும். எடுத்த திகதி, இடம் பற்றிய தரவும் நீங்கிவிடும். ஆதாரமாக வைக்க நினைக்கும் படத்துக்கு இது பெரிய இழப்பு. கைபேசியோடு தானாக ஒத்திசையும் படத்தொகுப்பும் அப்படித்தான்: இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாத கணக்குகளை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. அம்மாவின் பெயரில் மகள் திறந்துவிட்டு மறந்த கணக்குகள் நம்மிடையே எத்தனை!

கடவுச்சொல்லைத் தொலைத்தால் ரெஸ்டிக்கிலோ கிரிப்டோமேற்றரிலோ ‘மறந்துவிட்டேன்’ என்று கேட்டுத் திறக்க வழியில்லை. ஆறேழு சாதாரணச் சொற்களைத் தொடர்பில்லாமல் கோர்த்து வைப்பது நல்லது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். அவை போராட்டப் பதாகையிலேயே எழுதியிருக்கும். கிரிப்டோமேற்றர் தரும் மீட்புச் சொற்களைத் தாளில் எழுதி, அந்தக் கணினி இல்லாத இன்னொரு வீட்டில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அமர்ந்து, தொலைவிலிருந்து ஒரு கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். காணி உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்தால் போதும்.