வேட்டி எது? கைத்தறி வேட்டி எது?

இடுப்பில் சுற்றிச் செருகுவதற்குப் பதிலாக, ஒட்டிக்கொள்ளும் பட்டையினால் பொருத்திக்கொள்ளும் வேட்டிகள் இந்நாளில் கடைகளில் தாராளமாக விற்பனையாகின்றன. பணமும் கைப்பேசியும் வைத்துக்கொள்ளப் பை தைத்தவையும் உண்டு. கல்யாண வீடுகளில் இளைஞர் பலர் இவற்றையே விரும்பி உடுத்துகின்றனர். இத்தகைய வேட்டிகளைத் தயாரித்துத் தரும்படி வியாபாரிகள் கேட்கும்பொழுது, நெசவாளர் சங்கங்களில் இருவிதமான அபிப்பிராயங்கள் எழுகின்றன. "தையல் விழுந்த பிறகு அது வேட்டியே அன்று, நமக்கு அந்த வேலை வேண்டாம்" என்பது ஒன்று. "எப்படியும் தைத்து விற்கும் சரக்குத்தானே, விசைத்தறித் துணியை வாங்கித் தைத்துக் கொடுத்தால் என்ன?" என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறப்பவை. ஓர் ஆடை வேட்டியா, அன்றா என்பது ஒரு கேள்வி. அது கைத்தறி வேட்டியா, அன்றா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை உடுப்பவரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தறியில் இருக்கிறது. இவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால் சங்கம் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது எளிதில் விளங்கும்.

தையல் ஒரு குற்றமா?

வேட்டி என்பது தறியிலிருந்து அறுத்து எடுத்தவாறே உடுக்கத்தக்க ஆடை. தையற்காரர் உதவி அதற்கு வேண்டியதில்லை. 4 முழம், 8 முழம் என்ற அளவும், இருபுறக் கரையும் தறியிலேயே அமைந்துவிடுகின்றன. முழம் ஒன்றுக்கு 18 அங்குலம் என்று கொண்டால், 8 முழம் என்பது 4 கஜம், அதாவது ஏறத்தாழ 3.66 மீட்டர்.

ஆனால் வேட்டியின் உடன்பிறப்பாகிய கைலியைப் பாருங்கள். குறிஞ்சிப்பாடிப் பகுதித் தறிகளுக்குப் பெயர் தேடித் தந்த சரக்கு அது. கைலியை வாங்கியவர் அதன் இரு தலைப்புகளையும் சேர்த்து மூட்டிய பின்னரே உடுத்துகிறார். மூட்டாத கைலி துணியாகவே நிற்கிறது. ஒரே ஒரு தையலே அதனை ஆடையாக்குகிறது. அந்தத் தையலைக் காட்டிக் "கைலி கெட்டுவிட்டது" என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே தையல் விழுந்ததனால் மட்டும் ஓர் ஆடை தன் இனத்தை இழந்துவிடாது.

ஒட்டுப்பட்டையும் அப்படிப்பட்டதே. சுவிட்சர்லாந்து நாட்டவரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர், காட்டுச் செடியின் முள்விதைகள் நாயின் உடல்மயிரிலும் தம் உடையிலும் ஒட்டிக்கொள்வதைக் கவனித்து இதனைக் கண்டுபிடித்தார். வயல் வரப்பில் நடக்கும்பொழுது நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொள்வதை அறிந்த நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதன் தத்துவம் புதியதன்று. அரைஞாண், இடைவார் இவற்றைப் போல இதுவும் ஆடையை இடுப்பில் நிறுத்துவதற்கு ஒரு சாதனமே. இடுப்பைச் சுற்றி வருவது, முன்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக மடிவது, கால்களுக்குத் தனித்தனியே பிரியாதது, கரை தெரிய உடுப்பது ஆகிய இலக்கணங்கள் நிற்கும்வரை அது வேட்டியே.

ஸ்காட்லாந்தின் அனுபவம்

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்து நாட்டு மலைநாட்டு ஆடவர் இடுப்பில் உடுக்கும் 'கில்ட்' என்ற ஆடைக்கும் இதே சோதனை வந்தது. பண்டைக்காலத்தில் அது தையலில்லாத நீண்ட கம்பளித் துணி. அதனை மடித்து இடுப்பில் வாரினால் கட்டி, எஞ்சிய பகுதியைத் தோளில் போட்டுக்கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி நீங்கி, இடுப்புக்குக் கீழுள்ள பகுதி மட்டும் தனி ஆடையாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பின்புற மடிப்புகளைத் தைத்தே வைத்தனர். இடையில், 1746-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஆடவர் அவ்வுடையை அணிவது தடுக்கப்பட்டது. 1782-இல்தான் அத்தடை நீங்கியது.

இத்தனை மாறுதலுக்குப் பின்னும் அதன் பெயர் மாறவில்லை. இந்த நூற்றாண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், முரட்டுப் பருத்தித் துணியில் பெரிய பைகளுடன் அதனைத் தைத்து விற்கத் தொடங்கினர். அதனைக் கில்ட் என்று ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஏற்போர் கருதுவது வடிவத்தை: முன்புறம் ஒன்றின்மேல் ஒன்று மடியும் தட்டைப் பகுதி, பின்புறம் மடிப்பு, கால் பிரியாமை. மறுப்போர் கருதுவது துணியை: கட்டமிட்ட கம்பளியாக இருக்க வேண்டும் என்பது.

அங்குள்ளோர் செய்த ஒரு காரியம் நாம் கவனிக்கத்தக்கது. ஆடையின் வடிவத்தைப் பற்றிய வாதம் தொடர்ந்தாலும், கட்டத்துணியின் இலக்கணத்தை அவர்கள் எழுத்தில் நிறுத்திவிட்டனர். ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2008-இல் இயற்றிய சட்டப்படி, 2009 முதல் கட்ட வகைகளுக்கென ஒரு பதிவேடு நடந்துவருகிறது. எந்த நிறத்தில் எத்தனை இழை, எந்த வரிசையில் என்ற கணக்கு அதில் குறிக்கப்படுகிறது. கைலிக்குப் பாவு ஓட்டும் நம் நெசவாளர் கையாளும் கணக்கும் அதுவே.

சட்டம் பார்ப்பது எதை?

நம் நாட்டிலும் இரு கேள்விகளுக்கும் தனித்தனியே சட்டம் உண்டு. 2014-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மன்றத்திற்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதனையொட்டி அவ்வாண்டிலேயே, பொது இடங்களில் நுழைவதற்கு வேட்டியைத் தடையாகக் கொள்ளக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அச்சட்டம் காப்பது உடுப்பவரின் மரியாதையை. அவர் வேட்டி எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று அது கேட்பதில்லை.

நெசவாளரின் பிழைப்பைக் காக்கும் சட்டமோ வேறு. அது 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இனங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம். முதலில் 22 இனங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டு, பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. வேட்டியும் கைலியும் அந்தப் பதினொன்றில் அடங்கும். இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என்பது சட்டம் கூறும் பொருள். ஒதுக்கப்பட்ட ஒவ்வோர் இனத்திற்கும் நூல், நெசவு, கரை, கட்டம் முதலியவற்றைக் கொண்டு வரையறை தரப்பட்டுள்ளது. ஆகவே வேட்டி என்று பெயர் பெற்ற துணி யாவும் ஒதுக்கீட்டில் அடங்கிவிடும் என்று எண்ணலாகாது. வரையறையை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். உடுக்கும் முறையைப் பற்றிய வாதம் இங்கு உதவாது.

கணக்கே சாட்சி

கைத்தறித் துணியைக் கண்ணாலும் கையாலும் அறியலாம் என்று அனுபவசாலிகள் கூறுவர். அச்சடித்த கட்டத்தையும் நெய்த கட்டத்தையும் பிரித்தறிவது உண்மையில் எளிது. நெய்த கட்டத்தில் நிறம் நூலிலேயே இருப்பதால் இருபுறமும் ஒன்றுபோல் தெரியும். அச்சடித்ததில் பின்புறம் மங்கியிருக்கும். ஆனால் சாய நூலில் விசைத்தறி நெய்த துணியைப் பார்வையால் மட்டும் விலக்குவது கடினம். கரும்பு வளர்க்கும் அங்கத்தினர் இதனை நன்கு அறிவர். தோகையின் செழிப்பைக் கண்டு சர்க்கரைக் கட்டுமானத்தைச் சொல்லிவிட முடியாது. ஆலையில் சோதித்தே அறிய வேண்டும்.

சங்கத்தில் அந்தச் சோதனை நூற்கணக்கே. ஒரு ராத்தல் நூலில் 840 கஜமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதே நூலின் எண். 60-ஆம் எண் நூலில் ஒரு ராத்தலுக்கு 50,400 கஜம் உண்டு. உதாரணமாக, ஒரு கைலிக்குப் பாவும் ஊடையும் சேர்த்து 14,000 கஜம் செல்வதாக வைத்துக்கொள்வோம். 100 கைலிகளுக்கு ஏறத்தாழ 28 ராத்தல், அதாவது சுமார் 12.7 கிலோ நூல் வேண்டும். சேதாரம் இதற்கு மேல். 100 கைலிகள் வரவு வைத்த சங்கம் 6 கிலோ நூலே தறிகளுக்குக் கொடுத்திருந்தால், எஞ்சிய கைலிகள் எந்தத் தறியிலிருந்து வந்தன? நூல் வழங்கிய பதிவேடு, கூலிப் பட்டியல், சரக்கு வரவு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். 2006-இல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய கைத்தறி முத்திரையின் மதிப்பும் இந்த மூன்று புத்தகங்களின் உண்மையிலேயே அடங்கியிருக்கிறது.

சங்கங்கள் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படும்.

1. ஒட்டுப்பட்டையும் பையும் தைத்த வேட்டிக்கு வரும் கேட்பைச் சங்கங்கள் ஒதுக்க வேண்டியதில்லை. அங்கத்தினர் தறியில் நெய்த துணியாயின், தைத்த பின்னும் அது கைத்தறி வேட்டியே. தையல் வேலை அங்கத்தினர் குடும்பங்களுக்கே கிடைக்குமாறு செய்வது இன்னும் நலம்.

2. வெளியிலிருந்து விசைத்தறித் துணியை வாங்கிக் கைத்தறி என்ற பெயரில் விற்கலாகாது. அது வாங்குபவரை ஏமாற்றுவதோடு, சொந்தச் சங்க நெசவாளரின் கூலியையும் பறிப்பதாகும். 100 வேட்டி வெளியிலிருந்து வந்தால், 100 வேட்டிக்குரிய நாட்கள் சங்கத் தறிகள் சும்மா கிடக்கும்.

3. சங்கத்தின் கட்ட வகைகளுக்கும் கரை வகைகளுக்கும் ஒரு மாதிரிப் புத்தகம் வைத்து, இழைக் கணக்கோடு எழுதி, ஒரு துண்டுத் துணியையும் ஒட்டி வைத்தல் வேண்டும். மூத்த நெசவாளரின் நினைவில் மட்டும் இருக்கும் கணக்கு அவரோடு மறைந்துவிடக் கூடாது.

4. பொதுக்குழுக் கூட்டத்தில் நூல் இருப்பும் துணி வரவும் வாசிக்கப்படும்பொழுது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் அவற்றை ஒப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். ஆய்வாளர் எப்பொழுதோ வருபவர். அங்கத்தினர் எப்பொழுதும் இருப்பவர்.

வேட்டியை எப்படி உடுப்பது என்பதை உடுப்பவர் விருப்பத்திற்கு விட்டுவிடலாம். அதனை யார் நெய்தார் என்ற கேள்விக்கு மட்டும் நம் சங்கத்தின் பதிவேடு தயங்காமல் விடை சொல்ல வேண்டும்.