வனஸ்பதி போன வழி

வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் ஏறித் தெற்கே போனால் இரத்மலானையில் மலிபன் சந்தி வரும். பிஸ்கட் கம்பனியின் பெயரே சந்திக்கு நிலைத்துவிட்டது. இலங்கையில் இறக்குமதி பிஸ்கட்டுக்குச் சுங்கத் தீர்வையோடு செஸ் வரியும் போட்டிருக்கிறார்கள். உள்ளூர்த் தொழிலைக் காக்க என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வாங்குகிறவர் கூடக் கொடுக்கிறார், தொழிற்சாலைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

தீர்வைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு தொழிற்சாலை கடலுக்கு இந்தப் பக்கம் நிற்பதா, அந்தப் பக்கம் நிற்பதா என்பதையும் அது முடிவு செய்யும்.

1998 டிசம்பர் 28 அன்று புதுடில்லியில் சந்திரிகா குமாரதுங்கவும் வாஜ்பாயும் இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. இந்தியாவுக்கான இலங்கை ஏற்றுமதி 2000இல் 58 மில்லியன் டொலர். 2005இல் 559 மில்லியன். ஐந்தே ஆண்டில் ஒன்பது மடங்குக்கு மேல்! கொழும்பு மகிழ்ந்ததில் வியப்பில்லை.

என்ன போனது என்று மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும். பாதிக்குக் கிட்டப் போனவை இரண்டே சாமான்கள்: செம்பும் வனஸ்பதியும். தமிழ்நாட்டுச் சமையலறையில் டால்டா என்று பெயரெடுத்த அதே வனஸ்பதிதான்.

இலங்கையில் பாம் எண்ணெய்க்குப் பெரிய தோட்டம் கிடையாது. எண்ணெய் தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலில் வந்தது. நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் வாயுவை அதில் செலுத்தினால் ஓடுகிற எண்ணெய் நெய்போல உறைந்துவிடும். பிறகு அது தீர்வையில்லாமல் பாக்கு நீரிணைக்கு அப்பால் போய்ச் சேரும். அப்போது இந்தியாவில் பாம் எண்ணெய் இறக்குமதித் தீர்வை மிக அதிகம், இங்கே குறைவு. அந்த இடைவெளிதான் இலாபம். அதற்காகவே இந்திய முதலாளிகள் இலங்கையில் ஆலை போட்டார்கள். ஏற்றுமதிப் பெறுமதியில் 35 வீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. இந்தியப் பொருள் கலந்திருந்தால் 25 வீதம் போதும். செம்பின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இந்திய வனஸ்பதி ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நம்மூர் உற்பத்தியாளர் கேட்கும் அதே பாதுகாப்பைத்தான் அவர்களும் டில்லியிடம் கேட்டார்கள். இலங்கை வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 தொன் என்று எல்லை விழுந்தது. 2008இல் உணவு விலையேற்றத்துக்கு அஞ்சிய டில்லி, கச்சா சமையல் எண்ணெய்த் தீர்வையையே எடுத்துவிட்டது. எல்லை விதித்தும் சாகாத தொழில், இடைவெளி மூடியதும் படுத்தது. 2009இல் இந்தியாவுக்கான ஏற்றுமதி சுமார் 325 மில்லியன் டொலராகச் சுருங்கியது.

கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வுகள் நிறுவகத்தை நெடுநாள் நடத்திய பொருளியலாளர் சமன் கெலேகம, பேராசிரியர் இந்திரநாத் முகர்ஜியோடு சேர்ந்து 2007இலேயே உடன்படிக்கையின் முதல் ஆறு ஆண்டுகளைக் கணக்குப் பார்த்திருந்தார். மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு 2005 வெற்றி ஆண்டு. சாமான் வாரியாகப் பார்க்கிறவருக்கு அது எச்சரிக்கை.

அதே காலத்தில் வந்த இந்திய முதலீடுதான் 2003இன் லங்கா ஐஓசி. அதன் பெற்றோல் ஷெட்டுகள் இன்றும் நிற்கின்றன. அவை நம்பி வந்தது இங்கே ஓடும் வாகனங்களை, தீர்வை இடைவெளியை அல்ல. இந்தியாவோடு எட்கா என்ற அடுத்த உடன்படிக்கைப் பேச்சு 2016இல் தொடங்கி, நின்று, திரும்பவும் தொடங்கியிருக்கிறது. மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு முதலீட்டுத் திட்டத்திலும் கேட்கவேண்டிய கேள்வி, டில்லி நாளைக்கே தன் தீர்வையைக் குறைத்தால் இந்த ஆலை எத்தனை மாதம் ஓடும் என்பதுதான்.