கடலடியில் ஒரு பகல்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் பழம் புலவர் கழியையும் கானலையும் பாடினர். திரையையும் திமிலையும் பாடினர். முத்தின் ஒளியையும் பாடினர். ஆயினும் அவர் கண்டது பெரும்பாலும் கரையில் நின்று காணத்தகும் கடலே. முத்தின் உறைவிடமாகிய கடலடியைக் கண்ணாற் கண்டவர் குளியாட்களாகிய பரதவர். அவரோ ஏடெழுதும் தொழிலினர் அல்லர். இக்குறை எம் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் யாம் நால்வர் அந்தமானுக்குச் சென்று, ஒரு பகல் முழுதும் வழிகாட்டியோடு கடலுள் இறங்கி மீண்டோம். திரும்பிய பின் விடுதியில் எம்மை வினவினோர் அனைவரும் முதற்கண் கேட்டது, "சுறாவைக் கண்டீர்களோ?" என்பதே. கண்டிலேம். கடலுள் அஞ்சத்தக்கது சுறா அன்று, நம் மூச்சே என்பதை அன்று கற்றோம். அஃது எங்ஙனம் என்பதை விளக்குதற்கே இக்கட்டுரை எழுதலாயிற்று.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரம் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தொலைவில் உளது. விமானத்திற் செல்வோர் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலும், கப்பலிற் செல்வோர் ஏறத்தாழ மூன்று நாளும் பிரயாணம் செய்தல் வேண்டும். அங்கிருந்து மீண்டும் படகேறி வடகிழக்கே சென்றால் ஹாவ்லாக் தீவு. இதற்கும் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் நிகழ்ந்தது. ஆயினும் படகோட்டிகள் வாயில் பழம்பெயரே நிற்கின்றது. இத்தீவின் கடற்கரைகளை ஐந்தாம் கரை, ஏழாம் கரை என எண்ணிட்டு அழைப்பர். சிறைக்குப் பெயர் பெற்ற அந்தமானில் கரைகளுக்கும் கைதிகளைப்போல் எண் வாய்த்தது போலும்!

விடியற்காலை ஆறு மணிக்குக் கரையோரத்துக் கொட்டகையில் கூடினோம். எமக்கு அமைந்த வழிகாட்டி அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். அவரை யாம் அண்ணா என்று அழைக்க, அவரும் எம்மைத் தம்பிமார் என்றே அழைத்தார். படகின் சுக்கான் பிடித்தவர் கரேன் இனத்து முதியவர். அவ்வினத்தார் 1925-ஆம் ஆண்டு முதல் பர்மாவிலிருந்து அந்தமானிற் குடியேறியவர்கள்.

முதலில் எம் கையில் ஒரு தாள் தரப்பட்டது. இழைப்பு நோய் உண்டா, வலிப்பு உண்டா, இருதய நோய் உண்டா, காதில் அறுவை நிகழ்ந்ததுண்டா, இப்போது நீர்க்கோவை உண்டா என வினாக்கள் நிரலாக இருந்தன. எம்முள் ஒருவனுக்கு முந்திய இரவே மூக்கடைத்திருந்தது. இவ்வளவு தொலைவு வந்து, பணமும் கட்டி, ஒரு தும்மலுக்காகக் கரையில் இருப்பதா என்று அவன் "இல்லை" என எழுதினான். யாமும் அறிந்தே வாளாவிருந்தோம். இதனை ஒளியாமற் சொல்கின்றோம். ஆனால் அவன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அக்குரலைக்கொண்டே வழிகாட்டி உண்மையை உணர்ந்துவிட்டார். "தம்பி, நீர் படகில் வரலாம், நீரில் இறங்க வேண்டா" என்றார். அவன் எவ்வளவு மன்றாடியும் அவர் இசையவில்லை. அப்போது அவர் எமக்குக் கல்நெஞ்சராகவே தோன்றினார்.

ஸ்கூபா என்பது ஆங்கிலச் சொற்கள் ஐந்தின் முதலெழுத்துகளைக் கூட்டி ஆக்கிய பெயர்; 'பிறர் துணை வேண்டாத நீரடி மூச்சுக் கருவி' என்பது அதன் பொருள். அதற்கு முன்னிருந்த மூழ்குநர் பலர் தலையிற் செப்புக் கவசம் பூண்டு, கப்பலிலிருந்து குழாய் வழியே இறைக்கப்படும் காற்றை உண்டு, கட்டப்பட்ட எருதுபோல் ஓர் எல்லைக்குள் உலவினர். 1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும், எமில் காஞான் என்னும் பொறியறிஞரும் ஒரு தடுக்கிதழை அமைத்து அத்தளையை அறுத்தனர். போர்க்காலத்தில் எண்ணெய் கிடையாமையால் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுதற்குக் காஞான் செய்திருந்த கருவியே இதற்கு மூலமாயிற்று.

முதுகிற் கட்டும் உருளையின் கொள்ளளவு பதினோரு லிட்டர். வளிமண்டல அமுக்கத்தைப்போல் 200 மடங்கு அமுக்கி அடைப்பதால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று அதனுள் அடங்கும். அதிலிருப்பது பிராணவாயு மட்டுமே என்று பலர் கருதுவர், அது தவறு. நாம் உண்ணும் இக்காற்றேதான் அதிலும் உண்டு. இத்துணை அமுக்கத்தோடு காற்று வாயிற் பாயுமாயின் நெஞ்சு தாங்குமோ? தாங்காது. தடுக்கிதழ் இரண்டு படியாக அவ்வமுக்கத்தைக் குறைத்து, மூழ்குவோன் எவ்வாழத்தில் இருக்கின்றானோ அவ்வாழத்து நீரின் அமுக்கத்திற்குச் சமமாக்கி, அவன் உறிஞ்சும்போது மட்டும் காற்றை விடுகின்றது. இதுவே இக்கருவியின் உயிர்நிலை.

கடல் மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் உண்டு. நீருள் பத்து மீட்டர் இறங்குந்தோறும் மேலும் ஒன்று கூடும். பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அமுக்கம் இரட்டிப்பின் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662-ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. பள்ளியில் இதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுப் பின் மறந்தோம். கடலோ அதனை மறக்கவில்லை.

இங்கே நம் முத்துக்குளியாளை நினைக்க. அவர் மேலே ஆறு லிட்டர் காற்றை நெஞ்சில் நிறைத்து, மூச்சடக்கி, கல்லைக் காலிற் பற்றி இறங்குகின்றார். பத்து மீட்டரில் அக்காற்று மூன்று லிட்டராகச் சுருங்கும். மேலே வருங்கால் விரிந்து பழையபடி ஆறாகும், மிகுதல் இல்லை. ஆகவே மூச்சை அடக்குதல் அவர்க்கு உயிர். ஸ்கூபா அணிந்தவனோ பத்து மீட்டர் ஆழத்திலேயே ஆறு லிட்டர் காற்றை உண்கின்றான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே எழுவானாயின், அவ்வாறு லிட்டர் வழியிலேயே பன்னிரண்டாக விரிய முயலும். நெஞ்சில் அதற்கு இடமேது? நுரையீரல் கிழிந்து காற்று குருதியிற் புகுந்துவிடும். மூளைக்குச் செல்லின் சில நிமிடங்களில் மரணம். ஆகவே மூச்சை அடக்குதல் இவனுக்குச் சாவு. மன்னார்க் கடலின் முதல் விதி எதுவோ அதுவே இங்குத் தலைகீழாயிற்று.

இன்னும் வியப்பு ஒன்று உண்டு. முப்பதிலிருந்து இருபது மீட்டருக்கு எழுந்தால் காற்று மூன்றில் ஒரு பங்கே கூடும். பத்திலிருந்து மேல்மட்டத்திற்கு எழுந்தாலோ இரட்டிக்கும். எனவே மேல்நீரே மூச்சடக்குவோனுக்குப் பெருங்கேடு. நெஞ்சு நிறையக் காற்றை அடக்கியவனுக்கு ஓர் ஆள் ஆழத்திற்கும் குறைவான நீரில் ஊறு நேர்தலும் கூடும்.

இடுப்பளவு நீரில் மண்டியிட்டு ஒரு மணி நேரம் பயின்றோம். வாயால் மட்டும் மூச்சு விடுதல், முகக்கண்ணாடியுட் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய குழாயைத் தேடிப் பற்றுதல் ஆகிய இவற்றோடு கைச்சைகைகளும் கற்பிக்கப்பட்டன. நீருள் பேச்சு இல்லை. கட்டைவிரலை உயர்த்தினால் கரையில் 'நன்று' என்று பொருள். கடலிலோ 'மேலே போவோம்' என்று பொருள். நலம் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கிக் காட்டல் வேண்டும்.

ஒன்பது மணியளவில் பவளப்பார் ஒன்றின்மேல் படகு நங்கூரக் கயிற்றிற் கட்டப்பட்டது. முதன்முறை இறங்குவோர்க்குப் பன்னிரண்டு மீட்டரே எல்லை. இருவருக்கு ஒரு வழிகாட்டி. எம்முடன் அண்ணாவும் அவருடைய உதவியாளரும் இறங்கினர். இரண்டு மீட்டர் தாழ்ந்ததும் காதில் ஊசி குத்தியது போன்ற நோவு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினோம். 'டப்' என்ற ஓசையோடு நோவு நீங்கிற்று. ஒவ்வொரு மீட்டருக்கும் இங்ஙனம் செய்தல் வேண்டும். நீர்க்கோவை உடையவனுக்கு மூக்கிலிருந்து காதுக்குச் செல்லும் அந்நுண்குழல் அடைபட்டிருக்கும், ஊதினாலும் திறவாது, செவிப்பறை கிழியும். படகில் இருந்த நண்பனை அப்போது நினைத்தோம். வழிகாட்டியைக் கல்நெஞ்சர் என்றெண்ணியது பிழையென உணர்ந்தோம்.

கீழே கண்டவற்றை எவ்வாறு சொல்வது! கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே கோமாளி மீன்கள் இரண்டு தம் வீட்டு வாயிலில் நின்று எம்மை வெருட்டின. அவை எம் சுண்டுவிரல் நீளமே. ஆயினும் என்ன வீரம்! கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் 'கறுக் கறுக்' என்னும் ஓசை தெளிவாகக் கேட்டது. ஆனால் எப்பக்கத்திலிருந்து வருகின்றது எனத் தெரியவில்லை. நீரில் ஒலி காற்றினும் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்வதால் இரு செவிகளும் ஒருங்கே கேட்கின்றன. எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அணித்தாகவும் தோன்றுவதால், தொடலாம் என்று நீட்டிய கை வெறும் நீரையே தொட்டது. சாம்பல் நிறமாகக் கிடந்த கடல்விசிறி ஒன்றின்மேல் வழிகாட்டி விளக்கொளியைப் பாய்ச்சினார். அது குருதிபோற் சிவந்தது! கதிரொளியில் செந்நிறத்தையே நீர் முதலில் உண்டுவிடுகின்றது. விளக்கை அணைத்ததும் மீண்டும் சாம்பல்.

இவ்வியப்பில் மூழ்கியிருந்தபோதுதான் இடர் நேர்ந்தது. ஏறக்குறைய ஏழு மீட்டர் ஆழத்தில், இதனை எழுதுகின்ற எமது முகக்கண்ணாடியுள் நீர் புகுந்து கண்ணையும் மூக்கையும் நிறைத்தது. கரையில் பயின்றது அனைத்தும் மறந்தது. குளத்தில் நீந்திப் பழகிய உடம்பு தான் அறிந்ததைச் செய்தது: வாயை இறுக மூடி, மூச்சை அடக்கி, காலை உதைத்து மேலே பாய்ந்தோம். ஒரு முழம் எழுந்திருப்போம். தோள்வாரை ஓர் இரும்புக்கை பற்றி நிறுத்திற்று. வழிகாட்டி எம் முகத்திற்கு நேரே வந்து, தம் வாயைச் சுட்டிக் குமிழிகளை விட்டுக் காட்டினார். மீண்டும் காட்டினார். மூன்றாம் முறையில் எம் வாயிலிருந்தும் குமிழிகள் புறப்பட்டன. பின்னர்க் கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊத, நீர் வெளியேறிற்று. யாம் வளையத்தைக் காட்டினோம். விரல்கள் நடுங்கியதை அவர் கண்டிருப்பார். எம்முடன் வந்தோர் இதனை அறியவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாற்பது நிமிடத்திற்குப் பின் மெல்ல ஏறினோம். நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் எழலாகாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்றலும் வழக்கம். காரணம் நைட்ரஜன். ஆழத்தில் அமுக்கம் மிகுதலால் அவ்வாயு குருதியிலும் தசையிலும் கரைகின்றது. கோலி சோடாவைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைக் காண்கின்றோமன்றோ? விரைந்து எழுவோன் உடம்பும் அத்தகையதே. மூட்டுவலி முதல் முடக்கம் வரை அதனால் விளையும். நியூயார்க்கில் புரூக்லின் பாலத்திற்கு ஆற்றடியில் அடித்தளம் இட்ட வேலையாட்கள் பலர் இந்நோயால் வருந்தினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ஆம் ஆண்டில் இதனால் நலமிழந்தார். இந்நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழியே என்று பால் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878-ஆம் ஆண்டில் விளக்கினார். எவ்வாழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எங்ஙனம் ஏறலாம் என்று ஹால்டேன் என்பாரும் துணைவரும் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908-ஆம் ஆண்டில் அட்டவணை வகுத்தனர்.

மூழ்கி எழுந்தவன் உடனே விமானம் ஏறலாகாது என்பதும் இதன்பாற்பட்டதே. வானூர்தியினுள் அமுக்கம் தரையினும் குறைவு. ஆதலின் சோடாப் புட்டியை மீண்டும் ஒருமுறை திறந்தது போலாகும். ஒரே நாளில் இருமுறை மூழ்கினோர் குறைந்தது 18 மணி நேரம் காத்தல் வேண்டும் என்பர். எம் வழிகாட்டி 24 மணி நேரத்திற்குக் குறைய ஒப்பார். கடைசி நாளுக்கென வைத்திருந்த இச்செலவை முதல் நாளுக்கே மாற்றுமாறு அவர் முன்னரே எமக்கு எழுதியிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

படகில் ஒரு மணி நேரம் இளைப்பாறி, வாழைப்பழமும் ரொட்டியும் உண்டோம். பின்னர் வேறொரு பாரில் இரண்டாம் முறை இறங்கினோம். அங்கே பவளத்தின் ஒரு பகுதி உயிரற்றுப் பாசி படர்ந்து கிடந்தது. 2010-ஆம் ஆண்டில் கடல் அளவிறந்து வெப்பமுற்றபோது அந்தமானின் பவளங்கள் பெரும்பரப்பில் வெளுத்தன. பின்னரும் அங்ஙனம் நேர்ந்ததுண்டு. இடையிடையே புதிய கிளைகள் விரலளவு முளைத்திருந்தன. எம் துடுப்புக்காலணி அவற்றில் ஒன்றையும் தீண்டாதவாறு வழிகாட்டி எம்மை உயர்த்திப் பிடித்தே செலுத்தினார். இறந்த பவளத் துண்டேயாயினும் எடுத்துச் செல்லுதல் சட்டப்படி குற்றம்.

பிற்பகல் கரை சேர்ந்ததும் அவர் ஒரு சிறு குறிப்பேட்டில் ஆழத்தையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்: முதல் முறை 11 மீட்டர், 41 நிமிடம், இரண்டாம் முறை 10 மீட்டர், 44 நிமிடம். பிறகு எம்மைத் தனியே அழைத்து, "இரண்டாம் முறையில் எத்தனை தடவை மூச்சை அடக்கினீர், தம்பி?" என்று வினவினார். "ஒருகாலும் இல்லை, அண்ணா" என்றோம். தலையசைத்துவிட்டு உருளைகளைக் கழுவச் சென்றார்.

மூக்கடைத்த நண்பனுக்கு மூன்றாம் நாள் மாலையில் நலமாயிற்று. மறுநாள் விடிந்ததும் ஒருமுறையேனும் இறங்கிவிடலாம் என்று அவன் கொட்டகைக்கு ஓடினான். விமானம் எப்போது என்று வழிகாட்டி கேட்டார். நாளை காலை ஏழு மணிக்கு என்றான். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, இம்முறையும் இல்லை என்றார். இம்முறை அவன் மன்றாடவில்லை. கரையில் அமர்ந்து, எம் குறிப்பேட்டை வாங்கி இருமுறை படித்துத் திருப்பிக் கொடுத்தான்.