உப்புக்கல் திருப்பி அனுப்பும் ஒளி

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மரக்காணம் பக்கம் உப்பளப் பாத்திகள் தொடங்கிவிடும். வெயிலில் உப்புக் குவியல் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அதிலிருந்து தெளிவான ஒரு கல்லைப் பொறுக்கித் துடைத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால் வெள்ளையைக் காணோம். கண்ணாடிச் சில்லு போல இருக்கிறது. ஆயிரமாயிரம் முகங்களில் பட்டுச் சிதறும் வெளிச்சம்தான் குவியலை வெளுப்பாக்குகிறது.

சுமார் 15 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை அகச்சிவப்புக் கதிரும் உப்பில் தாராளமாக ஊடுருவும். ஆய்வகக் கருவிகளில் உப்பு வில்லையைச் சன்னலாக வைப்பது அதனால்தான். ஆனால் 38-லிருந்து 61 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிரை அதே உப்பு முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறித் திருப்பி அனுப்பிவிடுகிறது.

காரணம் ஓர் இறுக்கமான உறவு. கல்லுக்குள் சோடியம், குளோரைடு அயனிகள் எதிரும் புதிருமாக அதிர்கின்றன. ஒளியும் மின் அதிர்வுதான். ஒரே கொம்பில் இரண்டு ஊஞ்சல் கட்டி ஒன்றை ஆட்டிவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்து மற்றது ஆடும். ஆட்டம் பிறகு இதற்கே திரும்பும். ஒளியும் அயனிகளும் அப்படிக் கைமாற்றிக்கொள்கின்றன. கைமாற்றம் இழப்பைவிட வேகமாக நடந்தால் இரண்டும் கலந்து, பழைய தாளம் இரண்டாகப் பிளக்கிறது. பிளவுக்கு நடுவில் விழும் ஒளிக்கு உள்ளே இடமில்லை. சீன இயற்பியலாளர் குன் ஹுவாங் 1951-ல் இதை விளக்கினார். இந்தக் கலவைக்கு 'பொலாரிடான்' என்று பெயர்.

விளக்கம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே உப்பு பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்திருந்தது. 1900-ல் பெர்லினில் இயற்பியலாளர்கள் ரூபென்ஸும் குர்ல்பாமும் வெப்பக் கதிரை உப்புக்கல் பரப்புகளில் திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கவிட்டார்கள். மற்ற அலைகளெல்லாம் கழிந்து, 51 மைக்ரோமீட்டர் கதிர் மட்டும் மிஞ்சியது. அந்த அளவீடுகளைப் பார்த்துத்தான் மாக்ஸ் பிளாங்க் வெப்பக் கதிர்வீச்சுக்கான தம் சூத்திரத்தை எழுதினார். குவாண்டம் இயற்பியல் பிறந்தது.

உப்பில் இயற்கையாக நடக்கும் இந்தக் கைமாற்றத்தை இப்போது நுண்ணிய ஆடிகளுக்கு நடுவே ஒளியையும் அணுக்களையும் வைத்துச் செயற்கையாக நடத்துகிறார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் கிரீஷ் அகர்வால் 1984-லேயே கணக்கிட்டுக் காட்டினார்: அணுக்கள் நான்கு மடங்கானால் பிளவு இரு மடங்காகும்.

நம் பள்ளிகளில் உப்பு அயனிப் பிணைப்புக்கு எடுத்துக்காட்டு, அதோடு சரி. மரக்காணத்துப் பிள்ளைகளுக்காவது மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? செலவொன்றும் இல்லை. குறுக்கே ஒரு கயிறு கட்டி, இரண்டு உப்புக்கட்டிகளை நூலில் தொங்கவிட்டு ஒன்றை ஆட்டிவிட்டால் போதும். நூலின் நீளம் மட்டும் சமமாக இருக்க வேண்டும்.