மணலும் ஆற்றின் உடைமையே

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் நெடுங்காலமாக வாழும் குடும்பங்களில், “பாலாற்றுத் தண்ணீர் வந்துவிட்டதா?” என்று கேட்கும் வழக்கம் உண்டு. குழாயில் வரும் நல்ல நீருக்கு அதுவே பெயராகிவிட்டது. பாலாற்றுப் படுகையில் அமைத்த கிணறுகளிலிருந்து நம் புறநகர்களுக்கு அந்நீர் பல பத்தாண்டுகளாகக் குழாய்வழி வந்து சேர்கிறது. ஆனால் செங்கற்பட்டைத் தாண்டி இரயில் அந்த ஆற்றைக் கடக்கும்போது, சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் நம் பிள்ளைகள், “இதில் தண்ணீர் எங்கே?” என்று வினவுகிறார்கள். நியாயமான வினாவே. தண்ணீர் மணலுக்குள் இருக்கிறது. பல இடங்களில், இருந்தது என்று சொல்வதே பொருந்தும்.

நந்தி மலையில் தோன்றும் பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும் பகுதி மேலே வறண்டு கிடந்தாலும், தோண்டினால் ஊற்று சுரக்கும் ஆறு என்று பேர் பெற்றது. அதற்குக் காரணம் மணல். பருமணலின் கன அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீர் தங்கும். கோடை வெயிலில் அது எளிதில் ஆவியாவதில்லை. மணலே அதை வடிகட்டியும் தருகிறது. ஆகவே நான்கு லாரி மணலை அள்ளுகிறவன், ஒரு லாரி தண்ணீர் தங்கியிருந்த இடத்தையும் சேர்த்தே அள்ளிச் செல்கிறான்.

அள்ளியது மீண்டும் வந்து நிறைந்துவிடாதா? வரும், ஆனால் வெள்ளம் வந்தால்தான் வரும். பாலாற்றின் வழியெங்கும் அணைக்கட்டுகளும் தடுப்பணைகளும் நிற்கின்றன. வாலாஜா அணைக்கட்டு காவேரிப்பாக்கம் முதலிய ஏரிகளுக்கு நீரைத் திருப்புகிறது. மேலே ஆந்திர எல்லையில் புல்லூர்த் தடுப்பணை 2016-இல் உயர்த்தப்பட்டது. தேங்கிய நீர் மணலைச் சுமக்காது. அணைக்குப் பின்னால் இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்து வெளியேறும். தெளிந்த நீர் நல்ல நீர்தானே என்று எண்ணுகிறோம். ஆற்றைப் பொறுத்தவரை அது பசித்த நீர். சுமை இல்லாததால் கீழே உள்ள படுகையை அரித்துத் தின்னும். 2021 நவம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளமோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதற்குள் நாம் அள்ளியதற்கு அளவேது?

‘நாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். மணற்கொள்ளையர் என்று பிறரைச் சுட்டுவது எளிது. பெருங்களத்தூரிலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் வயல்கள் மனைகளாகி எழுந்த வீடுகளுக்கு மணல் எங்கிருந்து வந்தது? நம் ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எதைக் குழைத்துக் கட்டப்பட்டன? நற்செய்தியில் வரும் அறிவிலி மணல்மீது வீடு கட்டினான். அவன் ஆற்றைத் தோண்டவாவது இல்லை. 2003-இல் மணல் எடுக்கும் பொறுப்பை அரசே ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் அளவு மீறிய மணலெடுப்பு பற்றிய வழக்குகள் நீதிமன்றம் ஏறிய வண்ணமே இருந்தன.

பரிகாரம் உண்டு, புதிதும் அன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முற்பகுதியில், கல்லணையில் மணல் மேடிட்டுக் காவிரிப் பாசனம் திணறியபோது, ஆர்தர் காட்டன் அங்கே மணல்போக்கி மதகுகளை அமைத்தார். நீருக்கு வழிவிடுவது போல் மணலுக்கும் வழிவிட வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இஃபெட்ஸ்ஹைம் அணை 1977-இல் முடிந்தது. அதற்குக் கீழே படுகை அரிக்கப்படாமல் இருக்க, 1978 முதல் சரளையையும் மணலையும் படகுகளில் கொண்டு வந்து ஆற்றிலேயே கொட்டி வருகிறார்கள். நாமோ ஆற்றிலிருந்து எடுப்பதற்கு மட்டுமே வண்டி கட்டுகிறோம்!

வள்ளிபுரம்–ஈசூர், வயலூர் ஆகிய இடங்களில் அண்மையில் எழுந்த தடுப்பணைகளை நாம் குறை கூறவில்லை. நீரைத் தேக்கி, கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டம் தரும் ஏற்பாடு அது. ஆனால் எந்த அணையாயினும், வெள்ளக் காலத்தில் மணல்போக்கிகளைத் திறந்து படுகைக்கு அதன் பங்கைக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வந்து சேர்கிறதென்று அளந்த பின்பே எடுக்க வேண்டும் என்று நடுவண் அரசின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. நம் பகுதியில் மணற்குவாரி பற்றிய பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் பங்கில் மறைக்கல்வி அறை ஒன்று கட்ட முற்பட்டபோது இவ்விவாதம் எழுந்தது. எம்-சாண்ட் போதும் என்றனர் இளைஞர். அதுவும் மலையை உடைத்து வருவதுதானே என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. முடிவில் அறையின் நீளத்தை ஆறடி குறைத்தோம். ஆற்று மணல் வேண்டாமென்றும் தீர்மானித்தோம். பூச்சு வேலைக்கு ஆற்று மணல் போல வராது என்று கொத்தனார் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.