மரம் அறுக்கும் மெஷின்: பாரும் செயினும் சரியாக இருந்தால்தான் தொழில்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நம் பகுதித் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. விழுந்த மரங்களை அறுக்க மெஷினோடு வந்தவர்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொழிலில் நாட்டம் வந்தது. தொழில் உதவிக்காக டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில் இப்போது தையல் மெஷினுக்கு அடுத்தபடியாக மரம் அறுக்கும் மெஷின் நிற்கிறது.

மெஷின் வாங்கிச் சில மாதங்களில், "இழுவை இல்லை, புகைகிறது, இன்ஜின் போய்விட்டது" என்று வந்து நிற்பவர்களும் உண்டு. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. பழுது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரிலும் அதைச் சுற்றி ஓடும் செயினிலும்தான். சில நூறு ரூபாயில் தீர வேண்டியதற்கு மெக்கானிக்கிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, நான்கு நாள் கூலியையும் இழக்கிறார்கள். வீட்டுப் பெண்களும் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மெஷினுக்காக நகையை அடகு வைத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தானே.

கடைக்குப் போய், "பதினெட்டு இஞ்சு செயின் கொடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. பாரின் நீளம் ஒன்றாக இருந்தும் பொருந்தாத செயின்கள் பல உண்டு. மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது பிட்ச். செயினில் அடுத்தடுத்து உள்ள மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து பாதியாக்கினால் வருவது பிட்ச். அந்த முழு அளவு 16.5 மி.மீ. என்றால் .325 பிட்ச், 19 மி.மீ. அளவில் வந்தால் 3/8 பிட்ச். இரண்டாவது கேஜ். செயினின் உள்பக்கம் பாரின் பள்ளத்தில் இறங்கி ஓடும் பற்களின் தடிமன் இது. .050 அங்குலம் என்றால் 1.3 மி.மீ., .058 என்றால் 1.5 மி.மீ., .063 என்றால் 1.6 மி.மீ. பள்ளம் 1.5 ஆக இருக்க 1.3 செயினைப் போட்டால் அது பக்கவாட்டில் ஆடும், வெட்டு வளையும், சில சமயம் கழன்று வரும். 1.6 செயினோ உள்ளேயே இறங்காது. மூன்றாவது, அந்த உள்பற்களின் எண்ணிக்கை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின்கள் பலவற்றில் 22 அங்குல பார், .325 பிட்ச், .058 கேஜ், 86 பல் என்று இருக்கும். ஆனாலும் உங்கள் பாரின் அடிப்பக்கம் பொறித்திருப்பதைப் படித்து, பழைய செயினின் பற்களை எண்ணி, தாளில் எழுதிக்கொண்டு போவதே சரி. சின்ன மெஷின்களிலும் கரண்ட் மெஷின்களிலும் வரும் தாழ்வான 3/8 செயின் வேறு வகை. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பெரிய மெஷினுக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

நீளமான பார் என்றால் மதிப்பு என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். தென்னையின் நடுத்தண்டு ஓரடி விட்டம் இருந்தாலே அதிகம். அதற்கு 16 அல்லது 18 அங்குல பார் தாராளம். பார் நீள நீள இன்ஜினுக்குச் சுமை கூடும், ஆயில் அதிகம் கேட்கும், நுனி எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நீளம் குறைந்த பாருக்கு மாறுவதானால் பிட்சும் கேஜும் பழையபடியே இருக்கட்டும். பாரை மாட்டும் துளையும் ஆயில் துளையும் உங்கள் மெஷினோடு ஒத்துப்போகிறதா என்று பழைய பாரை மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

செயின் மாட்டும்போது முதலில் ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயின் பிரேக்கை விடுவித்து, மூடியின் நட்டுகளைக் கழற்றி, பாரை வைத்து, செயினைப் பற்சக்கரத்தில் ஏற்றிப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும. பாரின் மேல் விளிம்பில் வெட்டுப்பற்களின் கூர்மை நுனியை நோக்கி இருக்கட்டும். தலைகீழாக மாட்டிவிட்டு மெஷினைத் திட்டுபவர்கள் நிறைய. டென்ஷன் திருகின் முனை பாரின் சிறு துளைக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள். நட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி திருகை இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கம் தொங்கக் கூடாது. ஆனால் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். நுனியைத் தூக்கியபடியே ஸ்பேனரால் நட்டுகளை முறுக்கி முடியுங்கள்.

புதிய செயின் முதல் சில நிமிடங்களிலேயே தளரும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கி பாரையும் கிராங்க் பேரிங்கையும் நெருக்கும்.

இனி, கூர் தீட்டுவது. நம் ஊரில் அலட்சியம் அதிகம் இங்கேதான். தென்னையின் வெளிப்பகுதி கடினமானது, அதில் சிலிக்காவும் கலந்திருக்கிறது. எனவே அது செயினை விரைவில் மழுக்கும். விழுந்த மரமானால் மேலெல்லாம் மணல் வேறு. பற்கள் மணலில் ஒரு முறை உரசினாலே போதும், காலையில் தீட்டிய கூர் போய்விடும். எலி ஏறாமல் இருக்க அடித்த தகரம், கொடி கட்டிய ஆணி எல்லாம் இருக்கிறதா என்று மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டே அறுக்கத் தொடங்குங்கள்.

செயின் நன்றாக இருந்தால் சீவல் சீவலாக வரும். மாவு மாவாக வந்தாலும், மெஷினை அழுத்திப் பிடித்தால்தான் இறங்குகிறது என்றாலும் நிறுத்தித் தீட்டுங்கள். .325 பிட்சுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். வெட்டுப்பல்லின் மேலே பொறித்த சாய்வுக்கோடு உங்களுக்கு வழிகாட்டும். பெரும்பாலும் அது 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டால் வெட்டு நேராகப் போகாமல் சாயும். நாலைந்து முறை தீட்டியதும், பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும். பல்லின் உச்சிக்கும் அந்த மேட்டுக்கும் சுமார் 0.65 மி.மீ. வித்தியாசம் இருந்தால் போதும். வேகமாக வெட்டட்டும் என்று அதற்கு மேல் இறக்கினால் செயின் மரத்தைக் கவ்விக்கொண்டு மெஷினை உங்கள் மேலேயே எறியும்.

பாரின் நுனி மேல்பாகம் மரத்தில் பட்டாலும் அப்படித்தான் எகிறும். முகத்தையும் கழுத்தையும் கிழிப்பது இந்த எகிறல்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு மெஷின் பிடிப்பதை இனியாவது நிறுத்துங்கள், தம்பிகளே. கனமான பேண்ட், ஷூ, தலைக்கவசம், கண்ணாடி வாங்கும் பணத்தையும் மெஷின் விலையோடு சேர்த்தே மனுவில் எழுதுங்கள்.

ஆயில் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஒர்க் ஷாப்பில் இறக்கிய கருப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உலோகத் துகள் பாரின் பள்ளத்தைத் தின்றுவிடும். அது தெறித்து உடம்பில் படுவதும் நல்லதல்ல. பழைய இன்ஜின் ஆயில் தோல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. செயின் ஆயில் என்றே கடையில் கிடைக்கிறது. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதையும் நிரப்புங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெட்டிய கட்டைக்கு நேராகப் பிடித்து ரேஸ் கொடுங்கள். கட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் துளையில் தூசி அடைத்திருக்கும்.

பாரை அவ்வப்போது கழற்றி, பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, மேல் கீழாகத் திருப்பி மாட்டுங்கள். தேய்மானம் இரு பக்கமும் சமமாக இருக்கும். இரண்டு செயின் தேய்ந்தால் பற்சக்கரத்தையும் மாற்றுவது நல்லது. தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயின் போடுவது பணத்தை வீணாக்குவதுதான். வெட்டுப்பல் 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்தச் செயினைக் கழித்துவிடுங்கள்.

அரம் பிடிக்கப் பழக விரும்புகிறவர்கள் தங்கள் செயினோடு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். இரண்டு அளவு உருட்டு அரமும் ஒரு தட்டை அரமும் அங்கே வைத்திருக்கிறோம். மெஷினைக் கொண்டுவர வேண்டாம், செயின் மட்டும் போதும்.