இந்தக் கட்டத்தில் என்ன எழுதறது?

பெரணமல்லூரில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வங்கிக் கடன், பேரூராட்சி உரிமம், ஐடிஐ சேர்க்கை, ஜிஎஸ்டி பதிவு என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘டிரேட்’ என்று போட்டிருக்கும். ஒரு ஃபாரத்தில் அதற்கு இருக்கும் பொருள் அடுத்த ஃபாரத்தில் இருக்காது.

ஐடிஐ விண்ணப்பத்தில் ‘எந்த டிரேட்’ என்றால் ஃபிட்டரா, வெல்டரா, எலக்ட்ரீஷியனா என்று அர்த்தம். கை கற்றுக்கொள்ளும் வேலை அது. அதில் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பேரூராட்சிக்குப் போனால் டிரேட் லைசென்ஸ். கடை வைக்க அனுமதி. பெரியவர்கள் இன்னமும் அதை ‘டி அண்ட் ஓ’ என்பார்கள். அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்கள் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் வைத்த பெயரின் சுருக்கம். டீக்கடைக்காரர் பயபக்தியோடு “டி அண்ட் ஓ புதுப்பிக்கணும் சார்” என்று வரும்போது எனக்குச் சிரிப்பு வரும், சொல்வதில்லை.

டிரேட் யூனியனில் மறுபடியும் பொருள் தொழிலாளி பக்கம் சாய்ந்துவிடும். ஒரே கைத்தொழில் செய்கிறவர்கள் கூடிய சங்கம் என்பதுதான் இங்கிலாந்தில் அதன் ஆரம்பம். நம் பக்கத்திலும் முதலில் கூடியவர்கள் துணியோடு சம்பந்தப்பட்டவர்களே. 1918 ஏப்ரலில் சென்னையில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். தொழிற்சங்கங்களுக்கான சட்டம் 1926இல்தான் வந்தது.

இவ்வளவு பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தது? இடைக்கால ஆங்கிலத்தில் டிரேட் என்றால் தடம், நடந்து பழகிய பாதை. ஒருவன் தினமும் போய்வரும் பாதை அவன் தொழிலுக்குப் பெயராகி, பிறகு கொடுக்கல் வாங்கலுக்கும் ஆகிவந்தது. பள்ளிக்கூடப் புவியியலில் ‘வியாபாரக் காற்று’ என்று படித்தோமே, அந்தக் காற்றுக்கும் வியாபாரத்துக்கும் பெயர் வைத்தபோது உறவில்லை. ஒரே தடத்தில் வீசுகிற காற்று, அவ்வளவுதான். கப்பல்காரர்கள் அதை நம்பிச் சரக்கேற்றியதெல்லாம் வேறு கதை. காலால் மிதிப்பதைக் குறிக்கும் ‘டிரெட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்குப் பங்காளிதான். அதிலிருந்துதான் தறியின் மிதிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டிரெடில்’ என்ற பெயர் பிறந்தது. குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதிக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லோடு முதலாளியைவிட நெருங்கிய சொந்தம் உண்டு.

ஆனால் எங்கள் பக்கத்தில் நெசவாளி யாரும் “நான் ஏவாரம் பண்றேன்” என்று சொல்லமாட்டார். ஏவாரம் ஆரணியில் இருக்கும் முதலாளியுடையது. பட்டு கர்நாடகத்திலிருந்து வரும், ஜரிகை சூரத்திலிருந்து வரும். இரண்டையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் பெண்களும் பெரியவர்களும் தார் சுற்றித் தர, பாவு ஏற்றி நெய்து, முடிந்த சேலையைக் கொண்டுபோனால் திரும்பவும் எடை. குறைந்தால் கூலியில் பிடிப்பு. கடையில் அந்தச் சேலை என்ன விலைக்குப் போகிறது என்பது நெய்தவருக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகிவிட்டது. நடுவில் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய அட்வான்ஸ் நிற்கும். அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. புதுசாக வந்த ஏற்பாடு இல்லை இது. 1639இல் சென்னையில் இடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததே துணிக்காக. உள்ளூர் வணிகர்களை இடையில் வைத்து, நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத்தான் அதுவும் சரக்கெடுத்தது. நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் சொசைட்டிச் சேலைகளை வாங்கி விற்கிறது. அங்கேயும் நெய்கிறவருக்கு வருவது கூலிதான்.

டிரேட் மார்க் பற்றியும் கேட்டு வருகிறார்கள். அது தனி ஒருவரின், அல்லது ஒரு நிறுவனத்தின் சொத்து. ‘ஆரணிப் பட்டு’ என்ற பெயருக்குக் கிடைத்திருப்பது புவிசார் குறியீடு. இந்த வட்டாரத்துக்குப் பொதுவானது. இரண்டுக்கும் இப்போதுள்ள சட்டம் இயற்றியது 1999இல். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. ஒருவர் தன் கடைப் பெயரைத் தனக்கென்று பதிந்துகொள்ளலாம். ஆரணியைப் பதிந்துகொள்ள முடியாது. இதைப் புரியவைக்கத்தான் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

இளசுகளிடம் கேட்டால் டிரேடிங் என்பது போனில் நடப்பது. நூலும் இல்லை, எடைக்கல்லும் இல்லை. 2022 முதல் 2024 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. தறியை விற்று இதில் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு அந்த எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

சமீபத்தில் ஒரு பையன், அம்மா நெய்வதை ஆன்லைனில் விற்கப்போவதாகச் சொல்லி ஜிஎஸ்டி பதிவுக்கு வந்தான். கூடவே அம்மாவும். அதில் சட்டப்படியான பெயர் ஒன்று, டிரேட் நேம் ஒன்று. முதலாவது பான் கார்டில் உள்ளபடி அவன் பெயர். இரண்டாவதில் அவன் அம்மா பெயரோடு ‘சில்க்ஸ்’ சேர்க்கச் சொன்னான்.

“என் பேர் எதுக்குடா? இன்னா கேக்குது சார் அதுல?” என்றார் அந்த அம்மா.

“ஏவாரத்துக்குப் பேரு கேக்குதும்மா.”

“நமக்கு இன்னா ஏவாரம்? நெய்யறோம்.”

என்ன தொழில் என்று கேட்ட இடத்தில் உற்பத்தி, சில்லறை விற்பனை, மொத்த விற்பனை என்று தனித்தனிக் கட்டங்கள். ஒன்றுக்கு மேல் குறிக்கலாம். முதல் இரண்டையும் டிக் செய்துவிட்டு, மொத்த விற்பனையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பையனிடம் சொன்னேன்.